கேஷுவாலிட்டியில் கை ஓங்கினால்: புதிதாகப் பணிக்கு வருவோருக்கு முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியிலிருந்தபோதே கத்தியால் குத்தப்பட்டார். கைதானவர் அங்கே சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன். எந்தக் கோபமும் அந்தக் கத்தியை நியாயப்படுத்தாது. ஆனாலும் கோபம் எங்கே ஊறுகிறது என்று தெரிந்தால்தான் நம்மைக் காத்துக்கொள்ள முடியும்.

1. வாசலில் நிற்பவருக்குப் பதில் சொல்லுங்கள்

தகராறு பெரும்பாலும் வார்டு வாசலில்தான் தொடங்குகிறது. உள்ளே அப்பாவுக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல், கையில் ஸ்கேன் கவரோடு ஒருவர் இரண்டு மணி நேரமாக நிற்கிறார். கேட்ட போதெல்லாம் "வெயிட் பண்ணுங்க" என்றே பதில் வருகிறது. அதற்குப் பதிலாக, "ஐயா, ரத்த ரிப்போர்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாகும். வந்ததும் நானே வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். ரிப்போர்ட் தாமதமானாலும் சொன்ன நேரத்துக்குப் போய், தாமதம் என்பதையாவது சொல்லுங்கள். மரணச் செய்தி என்றால், மூத்த மருத்துவர் உட்கார வைத்துச் சொல்லட்டும். பயிற்சி மருத்துவரைத் தனியாக அனுப்புவது பெரும் தவறு.

2. இடத்தைப் பாருங்கள்

டியூட்டிக்கு வந்ததும் மேசையைக் கவனியுங்கள். கதவு உங்கள் பக்கம் இருக்கட்டும். கத்தரிக்கோல் கிடக்கும் டிரேயை உள்ளே தள்ளி வையுங்கள். புறக்காவல் நிலைய எண் போனில் இருக்கட்டும்.

3. குரல் உயர்ந்தால்

எதிர்க்குரல் எழுப்பாதீர்கள், தொடாதீர்கள். இரண்டடி தள்ளி நின்று, கூட வந்தவர்களில் நிதானமானவரிடம் பேசுங்கள். கை ஓங்கினால் விலகிவிடுங்கள். தைரியம் காட்ட வேண்டிய நேரமல்ல அது.

4. அடி விழுந்தால்

முதலில் சிகிச்சை. சின்னக் காயம்தானே என்று விடாமல் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் நேரத்தையும் அன்றே எழுதுங்கள். கேமரா பதிவு அழிவதற்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

5. நிர்வாகமே புகார் கொடுக்கட்டும்

அடிபட்ட சிஸ்டரைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியாது. கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கையும், 6 மணி நேரத்துக்குள் புகார் பதிவாவது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்கிறது. தமிழ்நாட்டில், மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். அதன்படி தாக்குதல் ஜாமீனில் விட முடியாத குற்றம், 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. புகாரில் அந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். "சமாதானமாப் போயிடலாம்மா" என்று யார் அழுத்தினாலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அடி வாங்குபவர் பல நேரம் வாசல் காவலாளிதான். அவருக்காகவும் இதே வேகத்தில் புகார் போக வேண்டும்.

6. மறுநாள்

அடிபட்டவரை அதே வார்டில், அதே நைட் டியூட்டியில் தனியாக விடாதீர்கள். "என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.