எந்தப் படம் போட்ட டி-சர்ட்டை விற்கலாம்?

கேள்வி: ஐயா, நெய்வேலி டவுன்ஷிப்பில் சின்னதாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். திருப்பூரிலிருந்து சரக்கு எடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் ஒரு பீஸாக இருந்தாலும் பிரின்ட் போட்டுத் தரவும் ஏற்பாடு செய்திருக்கிறேன். கல்லூரிப் பையன்கள் சே குவேரா, பிரபாகரன் படம் கேட்கிறார்கள். சிலர் சாதிச் சின்னத்தை அனுப்புகிறார்கள். ஒரு பையன் லாரன்ஸ் பிஷ்னோய் படத்தைக் காட்டி, “இது செம டிரெண்ட் அண்ணே” என்றான். “கேட்டதைக் கொடுக்கிறதுதானே வியாபாரம்” என்கிறார் என் மச்சான். எனக்கோ உள்ளுக்குள் உதறல். எதை விற்கலாம், எதைத் தொடக்கூடாது?
— பெயர் வேண்டாம், நெய்வேலி

பதில்: உங்கள் உதறலும் நியாயம்தான், மச்சான் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அரசியல் பேசுகிறது என்பதற்காக மட்டும் ஒரு சட்டை சட்டவிரோதமாகிவிடாது. 2020 செப்டம்பரில் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் சேர்ந்து நின்ற படம் நினைவிருக்கும். ‘இந்தி தெரியாது போடா’ டி-சர்ட் ஒரே நாளில் பரவி, திருப்பூரில் ஆர்டர் குவிந்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு கொள்கையை எதிர்த்துக் கருத்துச் சொல்வது அரசியலமைப்பு கொடுத்த உரிமை. அதை உடம்பில் போட்டுக்கொண்டு சொன்னாலும் உரிமைதான்.

சே குவேராவை நீங்கள் தாராளமாகத் தொங்கவிடலாம். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் புகைப்படக்காரர் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்ததுதான் சட்டைகளில் வரும் அந்தப் படம். உலகமே அச்சடித்துச் சம்பாதித்தபோதும் அவர் ராயல்டி கேட்கவில்லை. ஒரு வோட்கா விளம்பரத்தில் அதைப் போட்டபோதுதான் 2000-ஆம் ஆண்டில் வழக்குப் போட்டார். சமரசத்தில் கிடைத்த 50,000 டாலரையும் கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார். தொழிற்சங்கக் கொடிகள் வரிசையாகப் பறக்கும் உங்கள் ஊரில் சே யாரையும் உறுத்தப் போவதில்லை.

பிரபாகரன் விஷயத்தில் நிதானம் வேண்டும். அவர் தலைமை தாங்கிய விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு 1992 மே 14 முதல் இந்தியாவில் தடை இருக்கிறது. 2024 மே மாதம் மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். தடை இயக்கத்தின் மீது. உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 38, 39-ஆம் பிரிவுகள், அந்த இயக்கத்தின் செயல்பாட்டை வளர்க்கும் நோக்கம் இருந்ததா என்று கேட்கின்றன. புலிகளை ஆதரித்துத் திருமங்கலத்தில் பேசியதற்காக வைகோ 2002-இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். மறு ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வெறும் தார்மீக ஆதரவு அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்று விளக்கியது. தமிழ்நாட்டில் அரசியல் மேடைகளில் பிரபாகரன் படம் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆகவே முகம் மட்டும் போட்ட சட்டையே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. புலிச் சின்னம், ஆயுதம், இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பது அல்லது நிதி திரட்டுவது போன்ற வாசகம் என்று இதில் எது சேர்ந்தாலும் ‘ஃபேஷன்’ என்ற பதில் எடுபடாது. அந்த டிசைனைத் தொடாதீர்கள்.

பிஷ்னோய் சட்டையை யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். 2024 நவம்பரில் பிஷ்னோய், தாவூத் இப்ராஹிம் போன்ற தாதாக்களின் படங்கள் போட்ட டி-சர்ட்டுகளுக்காக ஃபிளிப்கார்ட் உள்ளிட்ட தளங்கள் மீது மகாராஷ்டிர சைபர் போலீஸ் வழக்குப் பதிந்தது. பெரிய கம்பெனிக்கு வக்கீல் படையே இருக்கிறது. உங்களுக்கு?

யாரும் எதிர்பார்க்காத இடத்திலும் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம், 1950-இன் அட்டவணையில் காந்தி, நேரு, இந்திரா காந்தி, சத்ரபதி சிவாஜி, பதவியில் இருக்கும் பிரதமர் ஆகியோரின் பெயரும் படமும் இருக்கின்றன. மத்திய அரசின் முன் அனுமதியின்றி இவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 2009-இல் மான்ட் பிளாங்க் கம்பெனி காந்தி பெயரில் பல லட்ச ரூபாய் விலையில் பேனா கொண்டுவந்தது. வழக்கு வந்ததும் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. சே குவேராவை விட காந்திதான் உங்கள் கடைக்குச் சிக்கலான ஆள்! தேசியக் கொடியிலும் எச்சரிக்கை வேண்டும். இடுப்புக்குக் கீழே உடுத்தும் எதிலும், கைக்குட்டையிலும் உள்ளாடையிலும் அது வரக்கூடாது.

இனி சாதிச் சின்னம். உங்கள் பட்டியலிலேயே நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. அந்தக் கயிறும் கடையில் ‘ஸ்டைல்’ என்றுதான் விற்றது. யார் எந்த நிறம் என்பது பையன்களுக்குத் தெரியும், விற்றவருக்கும் தெரியும். வெறும் சின்னத்துக்கு வழக்கு வராமல் போகலாம். அதன் கீழே அரிவாளோ, ‘ஆண்ட பரம்பரை’ மாதிரி இன்னொருவரைத் தாழ்த்தும் வசனமோ சேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவு வரை இழுக்கலாம். அதற்கு 3 ஆண்டு வரை சிறை.

நெய்வேலிக்கென்று ஒரு கூடுதல் கணக்கும் உண்டு. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் வந்த வயலில் பொக்லைன் இறங்கியபோது, நிலம் கொடுத்தவர் வீட்டுப் பையனும் சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவர் வீட்டுப் பையனும் டவுன்ஷிப் கடைகளில் ஒரே கவுன்டரில்தான் நின்றிருப்பார்கள். ‘விவசாயம் காப்போம்’ என்ற வாசகத்தில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சென்னை மாலில் அது வெறும் டிசைன், உங்கள் பஜாரில் அந்த மாதத்தில் அது ஒரு பக்கம் சேர்வது. 2020 பிப்ரவரியில் உங்கள் ஊரில் நடந்த ‘மாஸ்டர்’ படப்பிடிப்பின்போது பஸ் மேல் ஏறி நடிகர் விஜய் எடுத்த செல்ஃபி அன்று ரசிகர்களின் படம். அவர் 2024-இல் கட்சி தொடங்கிய பிறகு அதே படம் கட்சிப் படம். எனவே என்ன படம் என்பதோடு எந்த ஊர், எந்த நேரம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தேர்தல் நேரத்தில் கட்சி டி-சர்ட் மொத்தமாக வந்தால் பில் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். பறக்கும் படை பிடித்தால் சரக்கு மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக, நீங்கள் கவனிக்காத ஒன்று. ஸ்க்ரீன் பிரின்ட் காலத்தில் நிறத்துக்கு ஒரு ஃபிரேம் போட்டு, நூறு பீஸாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும். எதை அடிப்பது என்று திருப்பூரில் யாரோ முடிவு செய்தார், நீங்கள் விற்றீர்கள். இன்று பையன் படம் அனுப்புகிறான், நீங்கள் அடித்துக் கொடுக்கிறீர்கள். நீங்கள் வெறும் கடைக்காரர் இல்லை, அச்சிட்டவரும்கூட. “எனக்குத் தெரியாது, சரக்கு அப்படித்தான் வந்தது” என்று இனி சொல்ல முடியாது.

அதனால் தனி ஆர்டருக்கு ஒரு நோட்டு போடுங்கள். டிசைன் நகலை ஒட்டி, பெயர், தேதி எழுதி, கையெழுத்து வாங்குங்கள். படத்தில் இருப்பது யார் என்று பையனையே கேளுங்கள். தெரியாது என்றால் அடிக்க வேண்டாம். அடுத்த தெருக்காரரை வம்புக்கு இழுக்கும் வசனம் இருந்தால் எத்தனை பீஸ் ஆர்டர் என்றாலும் வேண்டாம். மச்சானிடம் சொல்லுங்கள்: கேட்டதைக் கொடுப்பது வியாபாரம் என்றால், சிலதை இல்லை என்று சொல்வதும் அதே வியாபாரத்தில் அடக்கம்.