மலைக்காற்றுக்கும் மழைக்கும் நிற்கும் கூடாரம்: கம்பளையிலிருந்து புறப்படுவோருக்கு

கம்பளை நகரம் மகாவலிக் கரையில், கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. தலைக்கு மேல் நிற்கும் அம்புலுவாவை 1,087 மீற்றர். பட்டிப்பொல, ஓஹியா வழியாக ஏறும் ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேல். உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால், வீட்டில் மெல்லிய போர்வையோடு தூங்குகிற அதே இரவில் சமவெளியில் பத்துப் பாகை குறைவாக இருக்கும். ஆங்கில வருடப் பிறப்பை ஒட்டிய மாதங்களில் அங்கே புல்லில் உறைபனியும் விழுகிறது. இதை ஒருமுறை அனுபவித்தவர்கள் அடுத்த தடவை ‘நான்கு பருவம்’ என்று லேபிள் ஒட்டிய டென்ட்டைத் தேடுகிறார்கள். தேடட்டும். அந்த லேபிள் யாரை நினைத்து ஒட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டு தேடினால் பணம் மிஞ்சும்.

அது பனி கொட்டும் நாடுகளின் கணக்கு. கூரையில் குவியும் பனியின் பாரத்தைத் தாங்க வேண்டும், பனித்தூள் உள்ளே புகக்கூடாது, வெப்பம் வெளியே போகக்கூடாது. நமது வளிமண்டலவியல் திணைக்களமும் ஆண்டை நான்காகத்தான் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரலில் இடிமழை, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் மறுபடி இடிமழையும் தாழமுக்கங்களும், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை. இந்த நான்கிலும் பனிப்பொழிவு கிடையாது. இங்கே கூடாரத்தைக் கொல்பவை காற்றும், சாய்ந்தடிக்கும் மழையும், நாள்கணக்கில் காயாத ஈரமும். இவை மூன்றுக்கும் எதிராகத்தான் கூடாரத்தைத் தேர்வு செய்ய வேண்டும்.

1. மலையையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

கம்பளைக்குத் தெற்கே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அதில் பெரும்பகுதி தென்மேல் பருவத்தில் கொட்டுவது. நக்கிள்ஸ் மலைத்தொடர் அப்படி இல்லை. அதன் மேற்குச் சரிவு நம்மோடு சேர்ந்து நனையும், கிழக்குச் சரிவு வாடைக்காற்றுக் காலத்தில் நனையும். ஆண்டின் நடுப்பகுதியில் ரிவர்ஸ்டன் பக்கம் மழை குறைவாக இருக்கலாம், ஆனால் கச்சான் காற்று ஆளையே தள்ளும்.

வரண்ட வாரத்தில் ஹந்தானையில் ஓர் இரவு தங்குவதுதான் திட்டமென்றால் பனிக்காலம் தவிர்ந்த காலங்களுக்கென்று விற்கும் நல்ல ‘மூன்று பருவ’க் கூடாரம் போதும், மிச்சப் பணத்தில் நல்ல தூக்கப்பை வாங்குங்கள். மலைமுகடுகளில், பருவமழையிலும் தங்குபவர்களுக்குத் தேவை குளிர்காலக் கூடாரத்தின் எலும்பும் மூன்று பருவக் கூடாரத்தின் மூச்சும். இமயமலைக்கே போகிறவர்களின் கதை வேறு. 2016 மே 21 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பாலவைப் போல் ஏறப் போகிறவர்களுக்கு அசல் பனிக்கூடாரம் வேண்டும். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை மட்டும் நடந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கூடாரமே வேண்டாம், வழி நெடுகத் தங்குமிடங்கள் இருக்கின்றன.

2. கம்பியைப் பாருங்கள், பிறகு துணியை

கடையில் எல்லோரும் முதலில் தொட்டுப் பார்ப்பது துணியை. காற்றில் முதலில் போவது கம்பி. மலிவான கூடாரங்களின் ஃபைபர் கிளாஸ் கம்பி வளைந்து வளைந்து ஒருநாள் நெடுக்காகப் பிளக்கும். பிளந்த சிம்பு துணியையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். அலுமினியக் கம்பி முறிவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து காட்டும், ஒரு குழாய்த் துண்டைச் செருகிக் கட்டி அந்த இரவைக் கடத்தலாம். 7001 அல்லது 7075 என்ற எண்ணுள்ள அலுமினியமா என்று கேளுங்கள். விட்டம் 8.5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும், முகடுகளுக்கு 9.5 நல்லது.

அடுத்தது வடிவம். இரண்டு கம்பிகள் உச்சியில் ஒரேயொரு முறை குறுக்கிடும் குவிமாடக் கூடாரத்தைப் பக்கக் காற்று எளிதில் அமுக்கிவிடும். மூன்று, நான்கு கம்பிகள் பல இடங்களில் குறுக்கிட்டு முக்கோணங்களாகப் பிரியும் அமைப்பு எந்தப் பக்கக் காற்றையும் பகிர்ந்து தாங்கும். கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் புல்லரின் குவிமாடக் கணக்கைத் தழுவி த நோர்த் ஃபேஸ் நிறுவனம் 1975இல் கொண்டுவந்த ‘ஓவல் இன்டென்ஷன்’ இந்த வகைக்கு முன்னோடி. சுவீடனின் ஹில்லபெர்க் போன்றவை செய்யும் சுரங்க வடிவக் கூடாரமும் பலமானதுதான், எடையும் குறைவு. ஆனால் அதன் வால்பக்கம் காற்றை நோக்கி இருக்க வேண்டும், முளை இறங்காத இடத்தில் அது நிற்கவும் நிற்காது. பிட்டவல பத்தனையில் பாறைத் தட்டின் மேல் மெல்லிய மண்தான். அதுபோன்ற நிலத்தில் முளையில்லாமலே எழுந்து நிற்கும் கூடாரமே கைகொடுக்கும். அதையும் கல்லில் கட்டி இறுக்காமல் விடாதீர்கள், காற்று தூக்கிப் போய்விடும்.

3. துணியும் பூச்சும்

‘3,000 மில்லிமீற்றர்’ என்று பையில் எழுதியிருப்பது நீர்த்தூண் அளவு. துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் அது கசியத் தொடங்கும் என்று பொருள். மேல்விரிப்புக்கு 2,000 முதல் 3,000 வரை போதுமானது. தரைக்கு 5,000க்குக் குறைய வேண்டாம், ஏனென்றால் முழங்காலை ஊன்றும்போது ஈரத் தரையிலிருந்து வரும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. தரைத்துணி தொட்டியைப் போல் நாலாபக்கமும் ஒரு சாண் உயர்ந்து, அதற்கு மேலேதான் தையல் வரவேண்டும்.

எண்ணைவிட முக்கியமானது, அந்த நீர்த்தடுப்பு எதனால் ஆனது என்பது. பெரும்பாலான கூடாரங்களின் உட்பக்கத்தில் பூசியிருப்பது பொலியுரேத்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இந்தப் பூச்சின் மூலக்கூறுகளை நீராவியே அறுத்துவிடும். முதலில் புளித்த வாடை வரும், பிறகு துணி கையில் ஒட்டும், கடைசியில் பூச்சு செதிள் செதிளாக உரியும். ஒருமுறைகூட விரிக்காமல் அலுமாரியில் வைத்த கூடாரத்துக்கும் இது நேரும். மலைநாட்டு ஈரப்பதத்தில் கூடாரம் சாவது பெரும்பாலும் இப்படித்தான், புயலில் அல்ல. இரண்டு பக்கமும் சிலிக்கோன் ஏற்றிய துணிக்கு இந்த நோய் கிடையாது. கிழிசலையும் அது நன்றாகத் தாங்கும். விலைதான் கூட. தையல் பட்டி அதில் ஒட்டாது என்பதால் தையல்களுக்குச் சிலிக்கோன் பசையை நாமே பூச வேண்டியிருக்கும்.

நைலோன், பொலியெஸ்டர் இரண்டில் எது? நைலோன் பலமானது, ஆனால் நனைந்தால் நீண்டு தொய்யும். நடுஇரவில் எழுந்து கயிற்றை இறுக்க வேண்டும். பொலியெஸ்டர் தொய்வது மிகக் குறைவு, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். முதுகில் தூக்கும் பாரம் பெரிய கவலை இல்லையென்றால் நான் பொலியெஸ்டரையே சொல்வேன்.

4. கூடாரத்துக்கு மூச்சு வேண்டும்

இங்கேதான் அசல் பனிக்கூடாரம் நமக்கு எதிரியாகிறது. மேல்விரிப்பின் அடியில் தரையோடு படியும் பாவாடைத் துணி பனித்தூளைத் தடுக்கத் தைத்தது. இங்கே அது காற்றோட்டத்தை அடைத்துவிடும். இரண்டு பேர் விடும் மூச்சு இரவு முழுக்க உட்சுவரில் நீராகப் படிந்து, விடியற்காலையில் தூக்கப்பையில் சொட்டும். பலர் இதைக் கசிவு என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

ஒற்றைச் சுவர்க் கூடாரத்தை விட்டுவிடுங்கள். உள்கூடு வேறு, மேல்விரிப்பு வேறு, நடுவில் ஒரு கையளவு இடைவெளி என்று இருக்கட்டும். உள்கூடு முழுக்க வலையாக இருந்தால் சமவெளிக் காற்று நேரே எலும்பைத் தொடும், முழுக்கத் துணியாக இருந்தால் வியர்க்கும். பாதிக்கு மேல் துணி, மேலே நுளம்பு வலை, அதை மூடித் திறக்க ஸிப் என்பதே நமக்குப் பொருத்தம். உச்சியில் எதிரெதிரே இரண்டு காற்றுத் துளைகளாவது வேண்டும். அட்டை ஏறும் காடென்றால் ஸிப்பின் இரு முனையும் இடைவெளியின்றி மூடுகிறதா என்று பாருங்கள்.

மேல்விரிப்பை முதலில் கட்டி, அதன் கீழ் உள்கூட்டைத் தொங்கவிட முடிகிற கூடாரம் கிடைத்தால் அதையே எடுங்கள். கொட்டுகிற மழையில் உள்கூட்டை முதலில் விரித்தால், கட்டி முடிப்பதற்குள் அது குளமாகிவிடும்.

5. அளவும் எடையும்

இரண்டு பேருக்கான பலமான கூடாரம் 3 முதல் 4.5 கிலோகிராம் வரை வரும். இருவர் பகிர்ந்து சுமந்தால் தாங்கலாம். ‘இருவருக்கு’ என்று எழுதியிருந்தால் இரண்டு பேர் தோளோடு தோள் உரச மட்டும்தான் இடம், பைகளுக்குக் கிடையாது. நனைந்த சப்பாத்தையும் பையையும் வைக்க வாசலில் முன்கூடம் அவசியம். அங்கேகூட வாசலை அகலத் திறந்துவிட்டுத்தான் அடுப்பு மூட்ட வேண்டும். உள்ளே ஒருபோதும் கூடாது, தீயைவிட வாடையில்லாத காபனோரொட்சைட் ஆபத்து.

6. வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

கடையிலேயே விரித்துக் காட்டச் சொல்லுங்கள். தையல் பட்டியை நகத்தால் கிளறிப் பாருங்கள், உரியக்கூடாது. இழுகயிறு கட்டும் இடங்களில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். ஸிப்பை ஒரே கையால் இழுத்துப் பாருங்கள். பழைய கூடாரம் வாங்குவதென்றால் மூக்கை உள்ளே விடுங்கள். புளித்த வாடை வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

வீட்டு முற்றத்தில் கட்டி, தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பதினைந்து நிமிடம் பக்கவாட்டில் அடியுங்கள். இருட்டியதும் உள்ளே டோர்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பார்த்தால் ஊசித் துளைகள் தெரியும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் வளைந்துவிடும், தடித்த அலுமினிய முளைகளையும் கூடுதல் கயிற்றையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

7. கட்டும் இடம்

ஹோர்ட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்தில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் முன்அனுமதி பெற வேண்டும். புறப்படும் காலையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து, இன்னும் தொடர்ந்தால் சரிவுகளில் விழிப்பு வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் அளவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் செய்த அழிவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்தப் பருவக் கூடாரமும் மண்சரிவைத் தாங்காது. ஓடைக் கரையும் வேண்டாம், வெட்டிய மண்மேட்டின் அடிவாரமும் வேண்டாம்.

8. திரும்பி வந்த பிறகு

ஈரக் கூடாரத்தைப் பையில் ஓர் இரவுக்கு மேல் வைக்காதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் முழுக்க உலர்த்துங்கள். ஜூன், ஜூலையில் வெளியே எதுவும் காயாது, வீட்டுக்குள் கொடி கட்டி விசிறியைப் போடுங்கள். கொண்டுவந்த இறுக்கமான பையில் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாக வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள். பூஞ்சைப் புள்ளி விழுந்துவிட்டால் பிளீச்சும் வேண்டாம், சலவை இயந்திரமும் வேண்டாம். மென்மையான சவர்க்காரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சால் துடைத்து உலர்த்துங்கள். கறை இருந்துகொண்டுதான் இருக்கும், பரவுவது நிற்கும்.