வாழையில் 33, கரும்பில் 112

அன்புள்ள மலர்விழி,

மனிதருக்கு 46 குரோமோசோம்கள், கரும்புக்கு நூறுக்கும் மேல் என்று படித்ததும், "அப்படியென்றால் கரும்பு நம்மைவிட உயர்ந்ததா, பெரியப்பா?" என்று கேட்டு எழுதியிருந்தாய். இல்லை, அம்மா. ஓபியோகிளாஸம் என்ற சிறு பெரணிக்கு ஆயிரத்துக்கும் மேல் உண்டு. எண்ணிக்கை உயர்வு தாழ்வைச் சொல்லாது. அந்தச் செடி எப்படி உருவானது என்பதைச் சொல்லும். இதைப் புரிந்துகொள்ள நம் செங்கல்பட்டு மாவட்டத்துப் பயிர்களே போதும்.

கொல்லையில் நிற்கும் பூவன் வாழையை எடுத்துக்கொள். காட்டு வாழைக்கு 11 குரோமோசோம் கொண்ட தொகுதி இரண்டு, மொத்தம் 22. அதன் பழத்தில் கடினமான விதைகள் நிறைந்திருக்கும். பூவனிலோ மூன்று தொகுதிகள், மொத்தம் 33. பாலணுக்கள் உருவாகும் குன்றல் பகுப்பின்போது குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து பிரிய வேண்டும். மூன்றை எப்படிச் சமமாகப் பிரிப்பது? அதனால் விதை கட்டுவதில்லை. கருவுறாமலே பழம் திரள்கிறது. பக்கக்கன்றை நட்டுத்தான் வாழையடி வாழையாக வளர்க்கிறோம்.

மதுராந்தகம், செய்யூர்ப் பக்கம் விளையும் வேர்க்கடலையின் கதை வேறு. தென் அமெரிக்காவில், தலா 20 குரோமோசோம் கொண்ட இரண்டு காட்டினங்கள் கலந்தன. பிறந்த கலப்புச் செடியில் 10-உம் 10-உம் சேர்ந்தாலும் ஒன்றுக்கொன்று சரியான இணை இல்லை. பிறகு மொத்தமும் இரட்டித்து 40 ஆனது. ஒவ்வொன்றுக்கும் தன் இணை கிடைத்தது. வளமான விதை வந்தது. தொகுதிகள் இப்படிப் பெருகுவதைத்தான் பன்மடியம் என்கிறோம். மலடாக நிற்க வேண்டிய கலப்பினத்தை இது புதிய இனமாகவே ஆக்கிவிடுகிறது.

இந்த இரட்டிப்பை மனிதராலும் செய்ய முடியும். வேலியில் படரும் செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்ச்சிசின், செல் பகுப்பில் குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர் இழைகள் உருவாகாமல் தடுக்கும். இரட்டித்த குரோமோசோம்கள் பிரிந்து போக வழியின்றி ஒரே செல்லில் தங்கிவிடும். 1937 முதல் தாவர ஆய்வாளர்கள் இதைக் கையாள்கிறார்கள். கொடிய நஞ்சு, நீ அந்தக் கிழங்கைத் தொடவே வேண்டாம்.

இனி, படாளம் சர்க்கரை ஆலைக்கு வண்டி வண்டியாகப் போகும் கரும்புக்கு வருவோம். 1912-இல் கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் ஆய்வாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற இனிப்புக் கரும்பை, ஆற்றங்கரையில் தானாக வளரும் பேய்க்கரும்புடன் சேர்த்தார்கள். அதில் பிறந்தது கோ 205. பின்னாளில் எண்ணியபோது விந்தை தெரிந்தது. தாய்க்கு 80, தந்தைக்கு 64; பாதிப் பாதி சேர்ந்தால் 72 வர வேண்டும். பிள்ளைக்கு இருந்ததோ 112. தந்தை வழக்கம்போல் பாதியாக 32 தந்தது. தாய் தன் 80-ஐயும் முழுதாகத் தந்துவிட்டது. தாயின் சர்க்கரையும் காட்டுத் தந்தையின் உரமும் ஒரே கழியில் சேர்ந்தன.

அதே கோயம்புத்தூர் நிலையத்தில் 1930-களில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் இ.கே. ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகனில் முனைவரானவர். முதுமையிலும் மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் செடிகளோடே வாழ்ந்து 1984-இல் மறைந்தார். மதுரவாயல் அப்போது செங்கல்பட்டு மாவட்டம்.

நீயும் ஒரு முறை எண்ணிப் பார். வெங்காயத்தின் அடிப்பகுதி நீரில் படும்படி வை. சில நாளில் வேர் விடும். நுனியை வெட்டி, ஆசிரியர் முன்னிலையில் அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கு. நுண்ணோக்கியில் பகுப்படையும் செல்லைத் தேடிப் பிடித்து எண்ணினால் 16 வரும். வராவிட்டால் வேறொரு செல்லில் மறுபடி எண்ணு. ஜானகி அம்மாளும் குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனும் 1945-இல் வெளியிட்ட பயிர்ச்செடிகளின் குரோமோசோம் தொகுப்பு, பல நாட்டு ஆய்வாளர்கள் இப்படிப் பொறுமையாக எண்ணிச் சேர்த்த எண்களால் ஆனதுதான்.

அன்புடன்,
பெரியப்பா