எந்த அறைக்கு எந்த மரம்?

கேள்வி: சாப்பாட்டு மேசை செய்யப்போகிறேன். மரவாடியில் 'கில்ன் டிரை' (உலர்த்தும் சூளையில் காயவைத்த) பலகைக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். காற்றில் உலர்ந்த மரம் போதாதா? – வாசகர், மதுரை

பதில்: மேசை எந்த அறையில் நிற்கப்போகிறது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். ஜன்னல் திறந்தே கிடக்கும் கூடம் என்றால், நிழலில் இடைவெளிவிட்டு அடுக்கிக் காயவைத்த தேக்கு தாராளமாகப் போதும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. நம் வெயிலுக்கு அதற்கு முன்பே காய்ந்துவிடும்.

ஏசி ஓடும் அறை வேறு. அங்கே காற்று வறண்டிருக்கும். காற்றில் உலர்ந்து 14 சதவீத ஈரத்தோடு உள்ளே போகும் பலகை மேலும் சுருங்கும், அதுவும் நீளவாக்கில் இல்லை, அகலவாக்கில். அகலமான மேசைப்பலகை வெடிப்பதும் இணைப்பு விலகுவதும் இதனால்தான். அந்த அறைக்கு 8 முதல் 10 சதவீதம்வரை இறக்கிய கில்ன் மரத்தையே வாங்குங்கள், விலையைப் பார்க்காதீர்கள். ரப்பர் மரமானால் எந்த அறைக்கும் மருந்தேற்றி, கில்னில் காயவைத்தது மட்டுமே. இல்லையென்றால் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் விடாது.

'கில்ன் டிரை' என்று சொன்னாலே நம்பிவிடவும் கூடாது. ஐப்பசி மழையில் திறந்த கொட்டகையில் கிடந்தால் அந்த மரமும் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். முனையைக் கொஞ்சம் அறுக்கச் சொல்லி, புதிதாக வெட்டிய முகத்தில் ஈரமானியை ஊன்றிப் பாருங்கள். மேல்புறம் எப்போதும் முதலில் காய்ந்திருக்கும். வாங்கிய பலகையை அந்த அறையிலேயே இரண்டு வாரம் போட்டுவைத்த பிறகு ஆசாரியை இழைக்கச் சொல்லுங்கள்.