பூனைக்குக் குப்பைமேனி வளர்த்தல்

சூடடித்துத் தூற்றிக் காயவைத்த நெல்லைச் சாக்கிற் கட்டி வீட்டினுள் அடுக்கியதும் கமக்காரரின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. வயலில் எஞ்சிய எலிகள் நெல்லைத் தொடர்ந்து வீட்டிற்கு வருகின்றன. அவை தின்னும் நெல்லிலும் பார்க்க, சாக்கை வெட்டிச் சிந்தும் நெல்லும், சிறுநீராலும் புழுக்கையாலும் பழுதாக்கும் நெல்லும் அதிகமாகும். எலியின் சிறுநீராற் பரவும் எலிக்காய்ச்சல் 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஏற்பட்டதென அறிவிக்கப்பட்டது. அவர்களுட் பலர் வயலில் வேலை செய்தோராவர்.

இதற்கு எளிய காவல் ஒரு நல்ல பூனை. ஆனால் பூனை நெல்லறையின் அயலில் தங்கவேண்டும். அதற்கு உதவக்கூடிய ஒரு செடி நம் வளவிலேயே முளைக்கின்றது. அதனைப் பற்றியதே இத்துண்டுப்பிரசுரம்.

களையெனக் கற்ற செடி

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு நெல்லறையில் நானே எலிநஞ்சு வைத்தேன். நஞ்சுண்டு தள்ளாடிய எலியைத் தின்ற எங்கள் பூனை சில நாட்களில் இறந்தது. அடுத்த போகத்திற்கு வைத்திருந்த விதைநெல்லில் இரண்டு சாக்குகளை எலிகள் வெட்டின. புதிதாகக் கொண்டுவந்த பூனையோ வீட்டில் நில்லாது அயல்வளவுகளில் அலைந்தது.

அக்காலத்தில் ஒரு நாள் கிணற்றடியிற் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் நின்ற முதியவரான ஓர் அம்மையார், “தம்பி, அதை முழுக்கப் பிடுங்கிப்போடாதையும். பூனைக்கு இரண்டு செடி விட்டுவையும்” என்றார். நான் பிடுங்கியது குப்பைமேனி. விவசாயப் பாடசாலையில் இதனைக் களைகளின் வரிசையிலேயே கற்றிருந்தேன். இதற்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் இருப்பதையும், அப்பெயர் ஏன் வந்ததென்பதையும் அன்றுதான் கண்டேன். பிடுங்கிய வேரைக் கண்ட பூனை ஓடிவந்து முகர்ந்து, கன்னத்தை உரைஞ்சி, வேரை அணைத்துக்கொண்டு புரண்டது. அதன்பின் அக்கிணற்றடி அதற்கு விருப்பமான இடமாயிற்று.

மணம் செய்யும் வேலை

பூனையை இவ்வாறு மகிழ்விக்கும் செடிகள் வேறு நாடுகளிலும் உள. அவற்றுட் புகழ்பெற்றது வெள்ளிக்கொடி. யப்பான், கொரியா, சீனா, ரசியாவின் கிழக்குப் பகுதி ஆகியவற்றின் மலைக்காடுகளில் இது படர்கின்றது. பூக்குங் காலத்தில் இதன் நுனியிலைகள் வெள்ளி பூசியவைபோல் வெளுக்கும். 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 100 பூனைகளுக்கு இதன் காய்த்தூள் கொடுக்கப்பட்டபோது, ஐந்தில் நான்கு பங்கு பூனைகள் மகிழ்ந்து புரண்டன.

2021 ஆம் ஆண்டில் யப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதன் காரணத்தை விளக்கினர். இலையிலுள்ள ஒரு மணப்பொருள், மூளையில் இன்பந் தரும் இயற்கைப் பொருளைச் சுரக்கச் செய்கின்றது. மேலும், இலையில் உரைஞ்சிய பூனையின் உடலில் நுளம்புகள் குறைவாகவே அமர்ந்தன. எனவே பூனையின் இச்செய்கை வெறும் விளையாட்டன்று. நுளம்பிலிருந்து அதனைக் காக்கும் இயல்புமாகும்.

வெள்ளிக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடியாதலால் நமது வெப்பமான தாழ்நிலத்திற்கு ஏற்றதன்று. அதனைத் தேடி அலையவேண்டியதுமில்லை. நமது குப்பைமேனி வேரிலும் அதே இனத்தைச் சேர்ந்த மணப்பொருள் உண்டு.

செடியை அறிதல்

குப்பைமேனி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி. ஓர் அடி முதல் இரண்டரை அடி வரை வளரும். இலைகள் முட்டை வடிவானவை, ஓரம் வாள்போற் பற்களுடையது, காம்பு நீண்டது. மேலிருந்து பார்த்தால் ஓர் இலை மற்றதை மறைக்காது பரப்பி வைத்ததுபோற் காணப்படும். இலைக் கக்கத்திற் பூங்கதிர் தோன்றும். பெண்பூக்களைச் சிறிய பச்சைக் கிண்ணம் போன்ற பூவடியிலை தாங்கிநிற்கும். இக்கிண்ணங்களே செடியை ஐயமின்றி அறிவதற்குரிய அடையாளமாகும்.

வளர்க்கும் முறை

இச்செடியை மரக்கறிப் பாத்தியில் வளர்த்தல் ஆகாது. விதை மிக நுண்ணியது. உதிர்ந்தால் அடுத்த போகத்தில் பாத்தி முழுவதும் களையாகும். எனவே பழைய தகரத்திலோ, அடியில் துளையிட்ட உடைந்த பானையிலோ வளர்ப்பதே நன்று.

செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு உக்கிய எரு 1 பங்கு சேர்த்து நிரப்புக. மண் பொலபொலப்பாக இருந்தால் வேர் அறாமல் முழுதாகப் பிடுங்க வரும். மாரி மழையின் பின் வளவிற் தானாக முளைத்த கன்றுகளை 2 அல்லது 3 அங்குல உயரத்தில் மண்ணோடு தோண்டி மாலை வேளையில் நடுதல் எளிது. விதையிட விரும்புவோர், பழுத்து மங்கிய கதிர்களைக் கடதாசியிற் சுற்றி நிழலில் உலர்த்தி, உதிரும் விதையை உலர்ந்த மணலுடன் கலந்து மேலாகத் தூவி, மெல்லிதாக மண் தூவி, பூவாளியால் நீர் தெளிக்க. கன்றுக்குக் கன்று 6 முதல் 9 அங்குலம் இடைவெளி போதும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நடாது, மூன்று வாரத்திற்கு ஒரு முறை மூன்று நான்கு கன்றுகளை நட்டால் ஆண்டு முழுவதும் வேர் கிடைக்கும். கோடையில் நாள்தோறும் சிறிது நீர் ஊற்றுக. பூனை மண்ணைக் கிளறாதிருக்க முட்கிளையையோ கம்பி வலைத் துண்டையோ மேலே வைக்க.

இலையில் மஞ்சள் வலைபோன்ற தேமல் கண்டால் அச்செடியை உடனே பிடுங்கி எரித்துவிடுக. அது வைரசு நோயாகும். அதனைப் பரப்பும் வெள்ளை ஈ தக்காளிக்கும் மிளகாய்க்கும் இலைச்சுருள் நோயைக் கொண்டுசெல்லும் பூச்சியுமாகும். ஆகையால் தகரங்களை மரக்கறிப் பாத்தியிலிருந்து இயன்ற அளவு தள்ளி வைக்க. இச்செடிக்குப் பூச்சிநாசினி தெளித்தல் அறவே கூடாது. பூனை அதனை நக்கும்.

கொடுக்கும் முறை

பூங்கதிர் தோன்றி, விதை முற்றுமுன் ஒரு செடியை வேருடன் பிடுங்குக. மண்ணைக் கழுவி, இலையையும் தண்டையும் வெட்டி எருக்குழியில் இட்டு, வேரை மட்டும் நெல்லறைக்கு வெளியே, வாயிலின் அருகே பூனைக்குப் போடுக. சில நிமிட நேரம் அது புரளும். பின் அலட்சியமாக எழுந்து போய்விடும். இது இயல்பே. கிழமைக்கு ஒரு முறை ஒரு வேர் போதுமானது. அடிக்கடி கொடுத்தாற் பூனைக்கு அதில் ஆவல் குறையும்.

வேரை நெல்லறையினுள் வைத்தல் தவறு. நான் ஒரு முறை சாக்குகளின் மேல் வேர்களை உலர வைத்தேன். எலி வெட்டாத சாக்கு ஒன்றை அன்றிரவு பூனையே கிழித்துவிட்டது.

சில மாத வயதுடைய குட்டிகள் இம்மணத்தைப் பொருட்படுத்தா. வளர்ந்த பூனைகளிலும் சில இதனை நாடா. அது பிறவிக் குணம், பூனையின் குறையன்று.

எச்சரிக்கை

1. வேரை முகர்வதும் நக்குவதும் பூனைக்குப் போதும். செடியை உணவாகக் கொடுத்தல் ஆகாது. இதில் சயனைட்டைப் பிறப்பிக்கக்கூடிய பொருள் ஒன்று உண்டு. ஆடுமாடுகளுக்கும் வெட்டிப் போடவேண்டாம்.

2. வீட்டில் வளர்கின்றதென்று இதன் இலையைக் கஞ்சியிற் சேர்த்து உண்ணவேண்டாம். பிறவியிலேயே குருதியில் ஒரு நொதியம் குறைவானோர் இவ்வாறு உண்டு, செங்குருதிக் கலங்கள் சிதைந்து கடும் நோயுற்றதை இலங்கை வைத்தியர்கள் 1990 ஆம் ஆண்டுகளில் எழுதியுள்ளனர். தமக்கு அக்குறை உண்டென்பதைப் பலர் அறியார்.

3. பூனை மலங்கழிக்க மணல் நிரப்பிய ஒரு மூலையை மரக்கறிப் பாத்திக்குத் தொலைவில் ஒதுக்குக. பூனை மலத்தால் மனிதருக்குப் பரவும் நோயுண்டு. கர்ப்பிணிகள் அதனைக் கையாளலாகாது. கீரையை நன்கு கழுவி உண்க.

பூனையும் நஞ்சும்

பூனை வேட்டையாடும் இடத்தில் எலிநஞ்சு வைத்தல் பூனைக்கே நஞ்சு வைத்தலாகும். குருதி உறைவதைத் தடுக்கும் நஞ்சை உண்ட எலி உடனே இறவாது. சில நாட்கள் தளர்ந்து திரியும். அத்தகைய எலியே பூனைக்கு எளிதில் அகப்படும். எனவே நெல்லறையில் நஞ்சுக்குப் பதிலாகப் பொறியைப் பயன்படுத்துக. பேர்மெத்திரின் சேர்ந்த மருந்துகளும் பூனைக்குக் கொடியவை. நாய்க்குரிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசற்க.

பட்டினி போட்டாற் பூனை நன்றாக எலி பிடிக்குமென்பது தவறான எண்ணம். பசித்த பூனை உணவு தேடி அயலுக்குப் போகும். நாள்தோறும் ஒரே இடத்திற் சிறிது சோறும் மீனும் நல்ல நீரும் வைக்க. விசர்நோய்த் தடுப்பூசியும் ஏற்றுவிக்க. உணவும் பாதுகாப்பும் பூனையை வீட்டோடு பிணைக்கும். குப்பைமேனி அப்பிணைப்பை இனிதாக்கும். செடி மட்டும் அதனைச் செய்யுமென எண்ணவேண்டாம்.

பூனை வீட்டெலிகளையும் சுண்டெலிகளையும் குறைக்கும். வரப்பைத் துளைக்கும் பெரிய அகழானை எதிர்க்க அது அஞ்சும். ஆதலால் நெற்சாக்குகளை நிலத்தினின்று உயர்த்திய மரத்தட்டில், சுவரிலிருந்து விலக்கி அடுக்குதலும், கூரைக்குத் தொங்கும் கிளைகளை வெட்டுதலும் எப்போதும் வேண்டியவையே.

நினைவிற் கொள்ளவேண்டியவை

குப்பைமேனியைத் தகரத்தில் வளர்க்க, பாத்தியில் வளரவிடற்க. விதை முற்றுமுன் பிடுங்குக. கிழமைக்கு ஒரு வேர், நெல்லறையின் வெளியே கொடுக்க. பூனை உள்ள வீட்டில் எலிநஞ்சை விலக்குக. அடுத்த முறை களை பிடுங்கும்போது, வேலியோரத்து இளங்கன்றுகளில் நான்கைத் தகரத்திற்கு மாற்றுக. காசு செலவில்லாத இச்சிறு முயற்சியால், விதைநெல்லைக் காக்கும் உயிர் ஒன்று வீட்டில் மகிழ்வோடு தங்கும்.