பேதியாகும் பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கலக்கும் முறை

பச்சைப் பிள்ளைக்குப் பேதி என்றதும் சீர் தட்டிவிட்டது, பல் முளைக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். உடம்பிலிருந்து போகும் தண்ணீரையும் உப்பையும் உடனே ஈடுகட்ட வேண்டும். அதற்கு ஓ.ஆர்.எஸ். போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை என்றால் மட்டும் நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

இனி, முக்கால்வாசிப் பேர் சறுக்கும் இடம்: அளவு. எவ்வளவு தண்ணீர் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். பெரியது, சுமார் 21 கிராம், ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டில் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் கண்ணளவாகக் கொட்டிக் கலக்கும் வேலையே வேண்டாம். உப்பு கூடினால் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். தண்ணீர் கூடினால் போன உப்பு ஈடாகாது. வீட்டில் கிடக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் நல்ல அளவுகோல். சுத்தமாகக் கழுவி, நிரப்பி, பாத்திரத்தில் ஊற்றி, பெரிய பாக்கெட்டை முழுவதுமாகக் கொட்டிக் கரையுங்கள். அதிலுள்ள குளுக்கோஸ் ருசிக்காக அல்ல. அது சேர்ந்திருந்தால்தான் குடல் சோடியத்தை உறிஞ்சும், கூடவே தண்ணீரும் உள்ளே போகும். பிள்ளை குடிக்கவில்லையே என்று மேற்கொண்டு சர்க்கரையோ ஜூஸோ சேர்த்தால் பேதி அதிகமாகும். பால் சேர்க்காதீர்கள், கலந்தபின் சூடாக்கவும் வேண்டாம். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பழ வாசனையோடு டப்பாவில் வரும் இனிப்புத் தண்ணீர் இதற்கு ஈடாகாது.

பால் பாட்டிலில் ஊற்றாதீர்கள். பாலாடையோ ஸ்பூனோதான். தாகத்தில் மடமடவென்று குடிக்கும் பிள்ளை அப்படியே கக்கும். கக்கினால் நிறுத்திவிடக் கூடாது. பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகத் தொடருங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடும் பிள்ளைக்கு இட்லி, குழைந்த தயிர்சாதம். டாக்டர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்து முடியுங்கள். பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போடும் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

கண் குழிந்துபோவது, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாதது, துவண்டு கிடப்பது, எதைக் கொடுத்தாலும் வாந்தி, மலத்தில் இரத்தம். இதில் ஒன்றைக் கண்டாலும் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐக் கூப்பிடலாம். பிள்ளை விழித்திருந்து விழுங்குகிறது என்றால், போகும் வழியிலும் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே போங்கள்.