சதத்திலும் சிறிய தொகைகளை எழுதும் முறை

பெற்றோல் நிலையங்களின் விலைப்பலகைகளில் காற்புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். "1,789" என்று எழுதியிருந்தால், இலங்கையில் கணக்குப் பயின்ற கண் அதனை ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது என்றே முதலில் வாசிக்கும். இத்தாலியில் காற்புள்ளியே தசமக்குறி. புள்ளி ஆயிரங்களைப் பிரிப்பது. ஆகவே அவ்விலை, லீற்றருக்கு ஒரு யூரோ எழுபத்தெட்டுச் சதமும், மேலும் ஒரு சதத்தின் பத்தில் ஒன்பது பங்கும் ஆகும்.

இதன் மறுதலைத் தவறே கூடுதல் தொல்லை தருவது. ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோவைப் படிவமொன்றில் "1,250" என எழுதினால், அது ஒரு யூரோ இருபத்தைந்து சதமாக வாசிக்கப்படலாம். "1.250,00" என்று எழுதுக.

சதத்தை யூரோவாக்க நூறால் வகுக்க வேண்டும். அதாவது, காற்புள்ளியை இரு தானங்கள் இடப்புறம் நகர்த்த வேண்டும். 12,46 சதம் என்பது 0,1246 யூரோ. அரைச் சதம் 0,005 யூரோவேயன்றி 0,5 யூரோ அன்று. பின்னது ஐம்பது சதம். நன்கு படித்தவர்களும் இவ்விடத்தில் தடுக்குவதுண்டு. எண்ணின் அருகே சதமா யூரோவா என்று குறிக்காமல் விடுவதே பெரும்பாலும் காரணம்.

இத்தகைய பின்னங்கள் அற்பமானவையல்ல. இரு மின்வழங்கு நிறுவனங்கள் ஓர் அலகுக்கு 0,1246 யூரோவும் 0,1184 யூரோவும் கேட்பதாகக் கொள்வோம். இரண்டையும் முன்கூட்டியே 0,12 எனச் சுருக்கினால் வேறுபாடே தெரியாது. ஆண்டுக்கு 2.000 அலகுகள் செலவிடும் வீட்டில், வரியும் ஏனைய கட்டணங்களும் நீங்கலாக, முதலாவது 249,20 யூரோ. மற்றது 236,80 யூரோ. பன்னிரண்டு யூரோ நாற்பது சதம் கைமாறுகிறது. எனவே முழுத் தசமங்களோடும் பெருக்கி, இறுதித் தொகையை மட்டும் இரு தானங்களுக்கு மட்டந்தட்டுக.

ஒரு சத, இரு சத நாணயங்கள் வார்க்கப்படுவது 2018 ஜனவரி முதல் நிறுத்தப்பட்டுள்ளது. ஆதலால் ரொக்கமாகச் செலுத்தும்போது மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து சதத்துக்கு மாற்றப்படலாம்: 35,78 என்பது 35,80 ஆகும், 35,77 என்பது 35,75 ஆகும். அட்டையில் செலுத்துவோருக்கு இம்மாற்றம் இல்லை.

குப்பை வரியான 'தாரி' முதலிய உள்ளூர் வரிகளுக்கு விதி வேறு. அவை முழு யூரோவுக்கே மட்டந்தட்டப்படும்: 286,49 ஆயின் 286,00, 286,50 ஆயின் 287,00.